நான் தளர்த்திய முன் பிரேக்

ஐம்பதுகளின் நடுவில் நான் இலங்கை மலைநாட்டில், நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில், தேயிலை பதப்படுத்தும் ஸ்டோரில் ஃபிட்டராக இருந்தேன். சீமைக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்காரச் சின்னத்துரையின் பழைய மோட்டார் சைக்கிள் அப்போது என் கைக்கு வந்தது. அது எத்தனை ஆயிரம் மைல் ஓடியிருந்தது என்று எவராலும் சொல்ல முடியவில்லை. மைல் காட்டும் முள் எப்போதோ நின்றுபோயிருந்தது.

சமதரையில் வண்டி ஓடியது. ஏற்றம் வந்தால்தான் அதன் வயது தெரிந்தது. நோர்வூட் பாலத்தைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் மூச்சு வாங்கும். கோயில் முடக்கு என்ற வளைவுக்கு வந்ததும் என் மனைவி சொல்லாமலே இறங்கிவிடுவாள். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் நடக்க, நான் முதல் கியரில் பக்கத்திலேயே உருட்டிக்கொண்டு போவேன். கொழுந்து எடுக்கும் பெண்கள் மலையிலிருந்து பார்த்துச் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியைப் பிரித்துப் போட்டேன். சிலிண்டர் தலையைக் கழற்றினால் உள்ளே அடுப்புக்கரி போலப் படிந்திருந்தது. அதைச் சுரண்டி எடுத்தேன். வால்வுகளைக் கையாலேயே தேய்த்து உட்கார வைத்தேன். கார்புரேட்டரை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் கழுவினேன். செயினை மாற்றினேன். ஒவ்வொரு வாரமும் வண்டி கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது. கடைசியில் ஒன்றுதான் மிஞ்சியது. முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டால் இரண்டு சுற்றில் நின்றுவிடும். பிரேக் டிரம் தேய்ந்து கோணலாகியிருந்ததால் பிரேக் கட்டை எந்நேரமும் உரசிக்கொண்டிருந்தது. புது டிரம் கிடைக்க வழியில்லை. கேபிளைத் தளர்த்திவிட்டேன். சக்கரம் காற்றாடி மாதிரி சுற்றியது. கைப்பிடியை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் முன் பிரேக் பிடிக்காது. பரவாயில்லை, இறக்கத்தில் சின்ன கியரிலும் பின் பிரேக்கிலும் நான் சமாளித்துக்கொள்வேன் என்று நினைத்தேன். என்னால் முடிந்தது.

அடுத்த ஞாயிறு மனைவியைப் பின்னால் வைத்துக்கொண்டு கோயில் முடக்கை மூன்றாம் கியரில் ஏறினேன். ஸ்டோரில் எங்கள் மேலதிகாரியான டீமேக்கரிடம், வண்டி இப்போது புதுசு மாதிரி என்று ஒரு வாரம் பெருமையடித்தேன்.

அந்த வாரக் கடைசியில் எங்கள் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. தோட்டத்து மருந்தில் இறங்கவில்லை. நோர்வூட் மருந்துக் கடையில் வாங்கிவரும்படி டாக்டர் ஐயா ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அன்றைக்குக் கொழுந்து உருட்டும் ரோலர் ஒன்று பழுதாகி நின்றுவிட்டதால் நான் ஸ்டோரை விட்டு நகர முடியவில்லை. என் மனைவியின் தம்பி அதே தோட்டத்தில், மலையில் ஆட்களை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை. தானே போய் வாங்கி வருவதாகச் சொல்லி, சீட்டோடு ஸ்டோர் வாசலுக்கு வந்து வண்டியைக் கேட்டான்.

பக்கத்தில் டீமேக்கர் நின்றுகொண்டிருந்தார். முன் பிரேக் வேலை செய்யாது என்று சொல்ல வாயெடுத்தேன். ஒரு வாரமாக அடித்த பெருமை அவர் முன்னாலேயே பொய்யாகிவிடும்.

“மெதுவா போ மாப்ள, மழைத் தூத்தல்” என்று மட்டும் சொன்னேன்.

போகும்போது பின் பிரேக்கிலேயே மெதுவாக இறங்கிப் போயிருக்கிறான், ஒன்றும் நடக்கவில்லை. கோயில் முடக்கைத் தாண்டி ஒரு சின்ன இறக்கம் உண்டு. மருந்தோடு திரும்பி வரும்போதுதான், அங்கே கூடையோடு பெண்கள் பாதையைக் கடந்திருக்கிறார்கள். அவன் இரண்டு பிரேக்கையும் பிடித்திருக்கிறான். முன்னது பிடிக்கவில்லை. பின் சக்கரம் ஈரத்தில் வழுக்கியது. பெண்கள்மேல் மோதாமல் இருக்க வண்டியை ஓரத்தில் கல் கட்டிய தண்ணீர்க் கானுக்குள் திருப்பிவிட்டான். ஒரு பெண்ணுக்கும் கீறல்கூட இல்லை. அவனுடைய வலது முழங்கால் வண்டிக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கியது.

நான் ஓடிப்போவதற்குள் அவனைக் கொழுந்து லொறியில் ஏற்றியிருந்தார்கள். மருந்துப் புட்டி உடையாமல் அவன் சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது. அதை என் கையில் கொடுத்துவிட்டுத்தான் போனான்.

எல்லோரும் லொறியின் பின்னால் போனார்கள். நான் வண்டியோடு தனியாக நின்றேன். பையில் ஸ்பேனர் இருந்தது. குனிந்து, நான் தளர்த்தியிருந்த முன் பிரேக் கேபிளின் நட்டை இறுக்கினேன். நான்கு சுற்று. அந்த நான்கு சுற்றையும் என் கை இன்றுவரை மறக்கவில்லை.

குழந்தைக்குக் காய்ச்சல் விட்டபின், நான்காம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவன் கால் மாவுக்கட்டில் தொங்கியது. என்னைக் கண்டதும் கண் கலங்கினான்.

“ஆசையா செஞ்சு வச்சிருந்த வண்டிய ஒடச்சிட்டேன் மச்சான். மன்னிச்சிருங்க.”

“போனாப் போகுது, விடு” என்றேன். வண்டியைத்தான் சொன்னேன். மூன்று வாரத்தில் அதை நிமிர்த்தி மறுபடியும் ஓட்டவும் செய்தேன்.

கால் மடங்காமல் போனது. மலை ஏற முடியாதவனை ஸ்டோரில் கொழுந்து நிறுக்கும் வேலையில் போட்டார்கள். தம்பிக்கு எதிலும் அவசரம், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் என்று என் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டு இருந்தேன். மூன்று வருஷம் இருந்தேன்.

பிறகு ஒரு நாள், ஸ்டோரில் ஒருவர் என் வண்டியை இரவல் கேட்கத் தயங்கினார். மச்சினன் தராசுக்குப் பின்னாலிருந்து அவரிடம், “வண்டிமேல குத்தமில்லைங்க, எனக்குத்தான் ஓட்டத் தெரியல” என்றான். கேலியாகக்கூடச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னான். கொழுந்தெல்லாம் நிறுத்து முடிந்து ஆட்கள் போகும்வரை காத்திருந்தேன். பிறகு கேபிளைத் தளர்த்தியது முதல் நட்டை இறுக்கியது வரை ஒன்றுவிடாமல் அவனிடம் சொன்னேன்.

அவன் தராசுத் தட்டில் ஒட்டியிருந்த இலைகளைத் தட்டிவிட்டுக்கொண்டே கேட்டான். கடைசி இலையையும் தட்டிவிட்டு நிமிர்ந்தான்.

“காலு போனது போகட்டுங்க. ஆஸ்பத்திரியில நான் மன்னிப்புக் கேட்டேனே, அத ஏன் வாங்கிக்கிட்டீங்க?”

பதிலுக்குக் காத்திருக்காமல், ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அன்று மாலையே மனைவியிடம் சொன்னேன். அவள் அழவுமில்லை, திட்டவுமில்லை. தம்பியைப் பற்றித் தான் யார் யாரிடம் என்ன சொல்லியிருந்தாளோ, அவர்கள் வீட்டுக்கெல்லாம் மறுநாள் நடந்தே போய் மாற்றிச் சொல்லிவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு அவள் அந்த வண்டியில் ஏறவில்லை. நானும் அதை ஓட்டுவதை விட்டுவிட்டேன்.

மச்சினன் ராகலைப் பக்கம் வேறு தோட்டத்துக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். சில வருஷம் கழித்து, அவன் மகளின் சடங்குக்குக் கடுதாசி வந்தது. அக்கா பெயருக்கு மட்டும்தான் எழுதியிருந்தான். நீங்களும் வாங்க என்று அவள் சொன்னதால் போனேன். வாசலில், “வாங்க” என்றான். மச்சான் என்ற சொல் வரவில்லை. பந்தியில் அவனே தண்ணீர்ச் செம்போடு வந்தான். மடங்காத காலைப் பக்கவாட்டில் வீசி வீசி, ஒவ்வொரு இலையாகக் குனிந்து ஊற்றிக்கொண்டு வந்தான். என் இலைக்கு வந்தபோது டம்ளரை நிறைத்தான். நான் தலையைத் தூக்காமல் சாப்பிட்டேன்.