பச்சைச் சட்டையில் பிரியாணி வாசம்

பிரியாணிக் கடையில் வேலை பார்ப்பவன் பழனிக்கு மாலை போட்டால் என்ன பாடு படுவான் என்று யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் போட்டிருப்பேன். என் மனைவிக்கு ஒரு காய்ச்சல் வந்து போனதிலிருந்து மூக்கில் வாசனை என்பதே தெரியவில்லை. தானாகத் திரும்பி வரும், பொறுங்கள் என்றார் டாக்டர். பொறுத்தோம். மாதங்கள் போயின, வாசனை வரவில்லை. ஒருநாள் பால் பொங்கி அடுப்பு அணைந்து, வீடு முழுக்க கேஸ் பரவிக் கிடக்கிறது. இவள் அடுத்த அறையிலேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். ஓடிப்போய்க் கேஸை மூடி ஜன்னலைத் திறந்தேன். இவளுக்கு மூக்கைத் திருப்பிக் கொடு, நடந்தே வந்து சேர்கிறேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டு தைப்பூசத்துக்கு மாலை போட்டேன்.

மாலை போட்டால் பச்சை வேட்டி, பச்சைச் சட்டை, கறி மீன் என்று கவிச்சி எதுவும் கூடாது. கவிச்சியைத் தொடாமல் இருப்பது எனக்குப் பெரிய காரியமில்லை. வருடக்கணக்காகப் பிரியாணியை முகர்ந்து முகர்ந்து அலுத்துப்போனவன் நான். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கடை. பார்சல் கட்டுவது என் வேலை. மாலை போட்டதும் முதலாளி என்னை டோக்கன் கொடுக்கும் இடத்துக்கு மாற்றிவிட்டார், நல்ல மனிதர். ஆனால் அண்டா மூடியைத் திறந்து தம் உடைக்கும்போது கிளம்புகிற ஆவிக்கு, டோக்கன் இடம், பார்சல் இடம் என்ற பேதமெல்லாம் கிடையாது. சரி, கடைக்குள் வேறு சட்டை போட்டுக்கொள்வோம் என்று பார்த்தேன். கழற்றிய பச்சைச் சட்டையை மாட்ட அங்கே இருந்த ஒரே ஆணி அடுப்படிச் சுவரில் இருந்தது.

தெருக்கோவிலில் தினமும் சாயந்திரம் பஜனை. முதல் வாரத்திலேயே எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒருவர் பாட்டுக்கு நடுவில் எச்சில் விழுங்கினார். பஜனை முடிந்ததும், எங்கள் கூட்டத்தைப் பழனிக்கு நடத்திப்போகும் குருசாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சாமி, ஒங்க மேல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா நம்ம சாமிமாருக அம்புட்டுப் பேரும் வெரதம் இருந்து காஞ்சு கெடக்காக. நீங்க வந்து உக்காந்தா வேலுக்குப் பதிலா லெக்பீஸ்தான் கண்ணுக்குள்ள நிக்குது. அந்த வாசம் போனாத்தான் கூட்டத்தோட நடக்கலாம்."

குருசாமி சேர்த்துக்கொள்ளாவிட்டால் தனியாக நடக்கலாம்தான். ஆனால் குருவின் வாக்கை மீறி நடந்தால் வேண்டுதல் பலிக்குமா? பலிக்காமல் போனால் அவள் மூக்கு? வீட்டுக்கு வந்து இவளிடம் சொன்னேன். இவள் சட்டையை வாங்கி, பழக்கதோஷத்தில் முகர்ந்து பார்த்துவிட்டு, "எனக்கு என்ன தெரியுது?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அன்றே துவைக்க ஆரம்பித்தோம். அதில் ஒரு சிக்கல். துவைப்பவளுக்கு மூக்கு இல்லை. எனக்கோ பிரியாணி விஷயத்தில் மூக்கு மரத்துப் பல காலம். ஆகவே பக்கத்து வீட்டு அக்காவை நீதிபதியாக வைத்துக்கொண்டோம். வாசனை சோப்புப் பவுடரில் ஊறவைத்துக் காயப்போட்டதை அக்கா முகர்ந்து, "ரோசாப்பூ போட்ட பிரியாணி" என்று தீர்ப்புச் சொன்னார். மறுநாள் சாம்பிராணி. கூடையைக் கவிழ்த்து, மேலே சட்டையை விரித்து, கண் எரிய எரியப் புகை போட்டேன். பஜனையில் குருசாமி மூக்கைச் சுளித்தார். கல்யாண மண்டபத்தில் ஹோமமும் பந்தியும் ஒரே அறையில் நடக்கிற மாதிரி இருக்கிறதாம்.

கடையில் சாலட் வெட்டும் தம்பி, "வினிகர்ல அலசுங்கண்ணே, எந்த வாசமா இருந்தாலும் ஓடிரும்" என்றான். நல்ல யோசனைதான். ஆனால் நான் அவசரத்தில் தூக்கி வந்தது வெங்காயம் ஊறின வினிகர். பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. இவளும் ஒன்றும் தெரியாமல் பக்கெட்டில் ஊற்றி அலசிப் பிழிந்துவிட்டாள். அக்கா கொடிக்குப் பக்கத்தில் வந்ததும் வாய்விட்டுச் சிரித்தார். "இத்தன நாளு பிரியாணி மட்டுந்தேன் இருந்துச்சு. இப்ப தொட்டுக்கிற வெங்காயமும் வந்துருச்சு!"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்று தெரியாமல் வாளியை எட்டி உதைத்தேன். கால்தான் வலித்தது.

கூட்டம் நடக்கக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, கடைசியில் வழி கண்டுபிடித்தது இவள். "வாசத்தப் பத்தி எனக்குத் தெரியாது. எண்ணெப் பிசுக்கப் பத்தித் தெரியும். நெய்ச் சட்டிய பச்சத் தண்ணியிலயா கழுவுறோம்?" என்று கேட்டுவிட்டுக் கை பொறுக்கிற சூட்டில் வெந்நீர் வைத்தாள். ஆப்பச் சோடாவைக் கரைத்துச் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டு ஊறவைத்தாள். பிறகு தேய்த்து, எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீரில் அலசி, மொட்டை மாடியில் திருப்பியபடியே நாள் முழுக்கக் காயவிட்டாள். மறுநாள் கடையில் நான் சட்டையை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி, தெருவில் நின்ற என் சைக்கிளில் தொங்கவிட்டேன். அக்கா முகர்ந்தார், மறுபடி முகர்ந்தார், "துணி வாசந்தேன் வருது" என்றார். குருசாமி என் தோளில் கை போட்டு மூச்சை இழுத்துப் பார்த்து, "நாளைக்கு வெள்ளனா வந்துருங்க சாமி, நடப்போம்" என்றார். எனக்குப் பாதி மலை ஏறிவிட்ட மாதிரி இருந்தது.

மறுநாள் விடியக் கருக்கலில் குளித்துவிட்டுக் கிளம்பினேன். இவள் சட்டையை எடுத்து மாட்டிவிட்டு, மேல் பட்டனைப் போட முகத்துக்குக் கிட்டே வந்தாள். வந்தவள் நின்றுவிட்டாள். காலரைப் பிடித்து மூக்கோடு வைத்துக்கொண்டாள்.

"என்ன?" என்றேன்.

"கழுத்துப் பட்டியில இன்னும் லேசா இருக்குங்க."

"என்ன இருக்கு?"

"பிரியாணி வாசந்தேன்..." சொல்லும்போதே அவள் குரல் மாறிவிட்டது. மறுபடி முகர்ந்தாள். பட்டை, கிராம்பு என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பிறகு என் சட்டையிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நானும் அழுதேன். செத்த நேரம் கழித்து அவளுக்குத்தான் நினைவு வந்தது. "கழட்டுங்க சாமி, கொடியில இன்னொண்ணு காஞ்சு கெடக்கு. இதோட போனா ஒங்களச் சேக்க மாட்டாக."

நான் கழற்றவில்லை. அவள் கத்தக் கத்த ஓடிவிட்டேன். கூட்டம் அதற்குள் கிளம்பிவிட்டிருந்தது. ஒட்டன்சத்திரம் ரோட்டில் மூச்சு வாங்கப் போய்ச் சேர்ந்தபோது குருசாமி என் முகத்தைப் பார்த்துப் பதறிவிட்டார்.

"ஏன் சாமி அழுகுறீக? வீட்டுல என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல சாமி" என்றேன். "என் சட்டையில பிரியாணி வாசம் அடிக்குதுன்னு வீட்டுல சொல்லிட்டா."