கடைசியில் வைத்த படம்

முதியோர் சங்கத்தில் பேச்சுக்குப் பதினைந்து நிமிடம் என்று விதி எழுதியவனே நான்தான். அன்று அந்தோனி, தான் எலக்ட்ரீசியனாக வேலை பார்த்த பாலைவனச் சுரங்கக் கிராமத்தின் வரலாற்றைப் படங்கள் காட்டிச் சொன்னார். செம்பு கிடைத்தது, தீர்ந்தது, சனம் போனது, வீடுகளுக்குள் மணல் புகுந்தது. சுரங்கத்தையே சீக்கிரம் மூடியிருப்பார்கள். இவர் பேச்சை மூடுவதாயில்லை. எரிச்சலில் மணியடித்தேன்.

"அண்ணை, இன்னும் ஒரு படம்தான்."

"ஏலாது. சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான்."

தேநீர் முடிந்து எல்லோரும் போனபின் அந்தப் படத்தைக் காட்டினார். மணலில் பாதி புதைந்த சிலுவை.

"என்ரை மனிசி. இப்ப அங்கை அவ மட்டும்தான். எல்லாரையும் ஒருக்கா செபிக்கக் கேப்பம் எண்டு கடைசியில வைச்சனான்."

மண்டபத்தில் நாங்கள் இருவர்தான் இருந்தோம். எல்லா நடைமுறையும் தெரிந்த எனக்கு அந்தச் செபம் தெரியவில்லை. அவர் சொல்லச் சொல்ல, திருப்பிச் சொன்னேன்.