சண்டையில் எழுந்த சுவரை இடிக்கும் முன்

எங்கள் வீட்டு நடுச்சுவர் ஒரு சண்டையில் எழும்பியது. அப்பாவும் சித்தப்பாவும் பேச்சை நிறுத்திக்கொண்ட காலத்தில், இராஜபாளையத்தில் இருக்கும் எங்கள் பழைய ஓட்டு வீட்டை நடுவில் செங்கல் வைத்து இரண்டாக்கிக்கொண்டார்கள். போன வருடம் சமாதானம் ஆயிற்று. சித்தப்பா மகளுக்கு நிச்சயம் குறித்ததும், சுவரை எடுத்துவிட்டு ஒரே கூடத்தில் விசேஷத்தை நடத்துவது என்று அண்ணனும் தம்பியும் முடிவு செய்தார்கள்.

ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு, வெள்ளை வேட்டியைக்கூட மாற்றாமல் சித்தப்பா சுத்தியலோடு வந்தார். நான் சுவருக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

“செத்த நேரம் பொறுங்க சித்தப்பா. இது பாரம் தாங்குதான்னு பாக்கணும்.”

“ஏட்டி, இது வீம்புக்குக் கட்டுன சுவரு. இது இல்லாமலே வீடு அம்புட்டு வருசம் நின்னுச்சு.”

அப்பாவும் தலையாட்டினார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று மேலே இருந்தது ஓடு. பிரிந்த பிறகு அப்பா தன் பாதிக்கு ஓட்டைப் பிரித்துக் காங்கிரீட் போட்டார். சில வருடம் கழித்து, விட்டுக்கொடுக்காமல் சித்தப்பாவும் போட்டார். முகம் பார்க்காத இரண்டு பேர் ஒரே தளமாகவா போட்டிருப்பார்கள்?

மொட்டை மாடிக்கு ஓடினேன். நடுவில், இரண்டு தளமும் சேரும் இடத்தில், தார் பூசி அடைத்த ஒரு நேர்கோடு. மேலேயும் கீழேயும் டேப் பிடித்து அளந்தேன். கோடு சரியாக நடுச்சுவரின் மேல் வந்தது. எங்கள் பக்கத்துக் கூரையில் காரை உதிர்ந்த இடத்தில், கம்பிகளின் துரு வரிவரியாக அந்தச் சுவரைப் பார்த்தே ஓடியது; தளம் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். ஏணி போட்டு, சுவரின் உச்சியில் பூச்சைக் கொஞ்சம் பெயர்த்தேன். பீம் இல்லை. செங்கல்லின் மேல் நேராகத் தளம்.

ஏணியைப் பிடித்திருந்த சித்தப்பா மகள் கேட்டாள்: “அக்கா, என் நிச்சயத்தை நிறுத்தாம ஓயமாட்ட போல?”

“நிறுத்தலைடி. மாப்பிள்ளை வீட்டாளுங்க தலையில கூரை விழாமப் பாக்கேன்.”

சித்தப்பா தானே ஏறிப் பார்த்தார். “என் தளமும் இது மேலயா?”

“ரெண்டும்தான். ஆளுக்கொரு ஓரத்தை இதுல வச்சிருக்கீங்க.”

“நீ போடும்போது நான் எட்டிக்கூடப் பாக்கலையேலே” என்றார் அப்பா.

“நீ போட்டப்ப மட்டும் நான் பாத்தனாக்கும்” என்று இறங்கினார் சித்தப்பா. முகம் தொங்கிவிட்டது. “அப்ப அவிய அவிய பக்கத்துல உக்காந்துதான் நிச்சயமா?”

அதற்கு நான் விடுவதாக இல்லை. மறுநாள் நான் வேலை பார்க்கும் மில் சோதனைக் கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு கட்டடப் பொறியாளரைக் கையோடு அழைத்து வந்தேன். அவரும் எல்லாவற்றையும் பார்த்தார். முழுச் சுவரையும் எடுக்க வேண்டாம், நடுவில் அகலமாக ஒரு திறப்பு வைக்கலாம் என்றார். அதற்கு மேல் இரும்பு உத்தரம் ஏற்ற வேண்டும்; அது பாரத்தை வாங்கும்வரை இரு பக்கத் தளத்துக்கும் ஜாக்கி முட்டு நிற்க வேண்டும்.

“பாதிதானா?” என்றார் சித்தப்பா.

“ஒரு பந்தி நேரா ஓடும்லா, போதும்லே” என்றார் அப்பா.

பொறியாளர் சரி என்று சொல்லும்வரை ஒரு ஜாக்கியையும் நான் கழற்ற விடவில்லை. சித்தப்பா தினமும் வந்து கேட்பார். நான் தினமும் இல்லை என்பேன். நிச்சயத்துக்கு முந்தின நாள்தான் கூடம் காலியாயிற்று.

ஜெபம் முடிந்து பந்தி போட்டார்கள். எங்கள் பக்கம் தொடங்கிய இலை வரிசை திறப்பைத் தாண்டிச் சித்தப்பா வீட்டுக்குள் போய் முடிந்தது. மாப்பிள்ளையின் அப்பா திறப்பின் இரு ஓரத்தையும் பார்த்தார்.

“இந்தத் துண்டுச் சுவரை ஏன் விட்டு வச்சிருக்கீங்க?”

“அதை எங்க மூத்த மவ தொடவிடலை” என்று சித்தப்பா என்னைக் காட்டினார். “அவகிட்ட பேசி ஜெயிக்க முடியாது, பாத்துக்கோங்க.”

நான் பரிமாற எடுத்த பிரியாணி வாளியோடு அந்தப் பக்கம் போய்விட்டேன்.