உச்ச நோட்டில் ஓய்வு

இது கட்டுக்கதை இல்லை. நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம், எனக்கு வருத்தமில்லை. பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும், கரண்ட் போனால்தான் வரும் என்று நானும் உங்களைப் போலத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இது பட்டப்பகலில் நடந்தது. பதினேழு பேர் உட்கார்ந்திருந்த அறையில், எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தபோது. மணி மாலை 4.52. ஒலிப்பதிவிலேயே அந்த நேரம் இருக்கிறது.

நான் டிரம்பெட் வாசிப்பவள். ஐந்து சாக்ஸபோன், நான்கு டிராம்போன், நான்கு டிரம்பெட், பியானோ, கிடார், பேஸ், டிரம்ஸ் என்று ஒரு பட்டாளமே சேர்ந்து வாசிக்கும் பெரிய ஜாஸ் பேண்டில். டிரம்பெட்காரர்கள் நான்கு பேரும் கடைசி வரிசை. அதில் முதல் டிரம்பெட்டைத்தான் லீட் என்பார்கள். ஒரு ஸ்வரத்தை, எங்கள் பாஷையில் நோட்டை, எவ்வளவு நீட்டுவது, எங்கே வெட்டுவது என்று லீட் காட்டும் வழியில்தான் மொத்த பேண்டும் போகும். லீட் பிசகினால் தெருமுனை வரை கேட்கும். ஒளிந்துகொள்ள இடமே கிடையாது.

பன்னிரண்டு வருஷம் வேறு வேறு பேண்டுகளில் மூன்றாவது நாற்காலியிலேயே தேய்ந்தவள் நான். இந்த பேண்டில் லீட் நாற்காலி காலியாக இருக்கிறது என்று கேள்விப்பட்டு வந்தேன். மூன்று வாரம் வாசிக்க வேண்டும், கடைசி நாள் ஒரு புது உருப்படியை ஒலிப்பதிவு செய்வார்கள், அதைக் கேட்டுவிட்டு முடிவு என்றார் பேண்டை நடத்தும் மாஸ்டர். தேறினால் நாற்காலி எனக்கு. இல்லையென்றால் என் பக்கத்தில் இருப்பவருக்கு.

பக்கத்தில் இருப்பவரை எல்லோரும் கொக்கு என்பார்கள். அவ்வளவு உயரம், அவ்வளவு ஒல்லி, அவ்வளவு பொறுமை. ஒன்பது வருஷமாக இரண்டாவது டிரம்பெட். மூன்றாவதும் நான்காவதும் அண்ணன் தம்பி. பாட்டு நடக்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அவர்களுக்குள் சண்டை.

"எனக்கு முன்னாடி இந்த நாற்காலியில யாரு இருந்தாங்க?" என்று முதல் நாள் கேட்டேன்.

"பட்டாளத்தார்னு ஒருத்தர். ராணுவ பேண்டுல இருந்தவர். இப்ப மக வீட்டோட போயிட்டார்" என்றார் கொக்கு. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அப்போதே எனக்கு அந்த ஆள் மீது ஒரு சந்தேகம்.

இங்கே ஒரு தொழில் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். லீட் வாசிப்பவருக்கு உதடு சீக்கிரம் களைத்துப்போகும். முடியாத இடத்தில் அவர் டிரம்பெட்டை இறக்கிவிடுவார், அந்த இடத்தை இரண்டாவது ஆள் ஊதுவார். அதற்காக லீட் தன் இசைத்தாளில் பென்சிலால் 'ஓய்வு' என்று எழுதிக்கொண்டு, பக்கத்து ஆளிடம் வாயாலும் சொல்லிவிட வேண்டும். கேட்ட ஆள் தலையாட்டிவிட்டால் அது சத்தியம் செய்த மாதிரி.

முதல் திங்கட்கிழமை. மதியம் 1.40. பழைய மெட்டு ஒன்றை மாஸ்டர் ஒலிப்பதிவுக்காகப் புதிதாக எழுதி, அச்சிட்ட தாள்களைச் சூடு ஆறாமல் கொண்டுவந்து ஸ்டாண்டுகளில் வைத்தார். நான் தண்ணீர் பிடிக்கப் போனேன். ஐந்து நிமிஷம் இருக்கும். திரும்பி வந்து பார்த்தால் என் தாளின் கடைசிப் பக்கத்தில், உச்ச நோட்டின் மேல், பென்சிலில் ஒரு வார்த்தை.

ஓய்வு.

அந்த 'ஓ'வின் சுழி காது மாதிரி பெரிதாக வளைந்திருந்தது.

எனக்குச் சுருக்கென்றது. அந்த உச்ச நோட்டுதான் மொத்தப் பாட்டின் உயிர். எல்லோரும் நிறுத்திவிடுவார்கள். லீட் மட்டும் தனியாக, எட்டு எண்ணிக்கைக்கு, அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். அதில்தான் என் நாற்காலியே தொங்கிக்கொண்டிருந்தது. அங்கே போய் எவளாவது ஓய்வு எடுப்பாளா? எடுத்தால் யார் ஊதுவார்கள்? கொக்கு ஊதுவார்.

ரப்பரை எடுத்து அழித்தேன். முதல் வாரத்திலேயே புகார் சொன்னால் வம்புக்காரி என்று பெயர் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

செவ்வாய்க்கிழமை திரும்ப இருந்தது. அதே இடம், அதே சுழி. அழித்தேன்.

புதன்கிழமை மதியம் 1.25க்கே போனேன். வாட்ச்மேனிடம் சாவி வாங்கிப் பூட்டைத் திறந்தவளே நான்தான். என் நாற்காலிக்குக் கீழே தரையில் தண்ணீர். ஊத ஊத டிரம்பெட்டுக்குள் சேரும் ஈரத்தை நாங்கள் அவ்வப்போது தரையில் வடிப்போம், அந்த மாதிரிச் சின்னக் குளம். முந்தின நாள் தண்ணீர் இவ்வளவு நேரம் காயாமல் இருக்காது. குனிந்து தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

கொக்கிடம் இன்னொரு சாவி இருக்கிறது என்று முடிவு கட்டினேன்.

அன்றிலிருந்து தாளை வீட்டுக்கு எடுத்துப் போனேன். டிரம்பெட் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைப் பூட்டி, சாவியைத் தலையணைக்கடியில் வைத்தேன். என் வீட்டுக்காரர் சிரித்தார்.

"நகைக்குக்கூட நீ இவ்வளவு பாதுகாப்பு குடுத்ததில்ல."

காலையில் திறந்தேன். ஓய்வு.

மகளை நிறுத்தி வைத்து விசாரித்தேன். ஒன்பது வயசு, கண்ட இடத்தில் கிறுக்குகிறவள்.

"நான் தொடவே இல்லம்மா. எனக்கு எப்படிப் பெட்டியத் திறக்கத் தெரியும்?"

வீட்டுக்காரரையும் ஒரு பார்வை பார்த்தேன். வீட்டில் உள்ளவர்களையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்கமாகவும் இருந்தது. ஆனால் சந்தேகம் போகவில்லை.

மூன்று வாரத்தில் பதினொரு முறை அழித்தேன். அந்த இடத்தில் தாள் வெங்காயத் தோல் மாதிரி மெலிந்துபோனது.

ஒலிப்பதிவு நாள், வெள்ளிக்கிழமை. மதியம் 3.00. ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு மைக். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர். தாளைப் பிரித்தேன். வார்த்தை இருந்தது. இந்த முறை அழுத்தி எழுதியிருந்தது.

கொக்கை நேராகப் பார்த்துக் கேட்டேன்.

"அண்ணே, இத எழுதுறது நீங்கதானே?"

அவர் எட்டிப் பார்த்தார். அப்படியே முகம் வெளுத்துவிட்டது.

"அழிச்சிரும்மா" என்றார். "சீக்கிரம் அழிச்சிரு."

எனக்கு அது திருட்டு முழியாகத்தான் பட்டது. அழித்தேன். பன்னிரண்டாவது முறை.

3.40. முதல் முறை வாசித்தோம். உச்ச நோட்டில் என் சத்தம் உடைந்தது.

4.15. இரண்டாவது முறை. பாதியில் உடைந்தது. மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உதட்டில் ரத்தம் கசிந்தது. இன்னும் ஒரே ஒரு முறை. பன்னிரண்டு வருஷம் காத்திருந்தது இதற்குத்தானா?

4.48. மூன்றாவது முறை ஆரம்பித்தது.

கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். நான் அழித்த இடத்தில்... ஓய்வு.

கொக்கின் கைகள் டிரம்பெட்டில்தான் இருந்தன. எப்போது எழுதினார்? யோசிக்க நேரமில்லை. என் உதடு மரத்துப்போய்விட்டது, ஊதினால் நிச்சயம் உடையும். அந்த நொடியில் ஒரு முடிவு எடுத்தேன். சரி, ஓய்வே எடுக்கிறேன். இவர் ஊதட்டும். ஊதினால் எழுதியவர் இவர்தான். நாற்காலி போனாலும் ஆளைக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

உச்ச நோட்டு வந்தது.

எல்லோரும் நிறுத்தினார்கள்.

நான் டிரம்பெட்டை மடியில் இறக்கினேன்.

ஒன்று... இரண்டு...

அமைதி.

யாரோ மூச்சை இழுத்தார்கள். ஆழமாக. என் காதுக்கு மிக அருகில்.

பிறகு... அந்த நோட்டு.

பளீரென்று. உடையாமல். நடுங்காமல்.

கொக்கைப் பார்த்தேன்.

அவர் டிரம்பெட்டும் மடியில் இருந்தது.

அண்ணன் தம்பி இருவரும் இறக்கி வைத்திருந்தார்கள்.

நோட்டு நின்றுகொண்டே இருந்தது.

என் கைக்குள் டிரம்பெட் அதிர்ந்தது...

சத்தம் வெட்டி நின்றது. சுத்தமாக.

மணி 4.52.

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டுதான் கை அசைத்துக்கொண்டிருந்தார். திறந்து, சிரித்தார். "இதுதான் லீட்" என்றார். முன்வரிசைக்காரர்கள் யாரும் எங்களைப் பார்த்து உட்காருவதில்லை, அவர்கள் திரும்பிக் கைதட்டினார்கள். நாற்காலி எனக்குக் கிடைத்துவிட்டது. நான் ஊதாத நோட்டுக்கு. உதடு வைத்து ஊதும் மவுத்பீஸைக் கழற்றினேன். சுட்டது.

ஒலிப்பதிவாளர் மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்க மைக்ல மட்டும்தான் அந்த நோட்டு பதிவாகியிருக்கு. ரெண்டு எண்ணிக்கை லேட்டா ஆரம்பிக்குது. ஆறு எண்ணிக்கை நிக்குது. நல்லாத்தான் இருக்கு, விட்டுரலாம்."

வெளியே சைக்கிள் நிறுத்துமிடத்தில் கொக்கு நின்றுகொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கும் முன் அவரே பேசினார்.

"அது பட்டாளத்தார் கையெழுத்து."

"மக வீட்டுல இருக்கார்னு சொன்னீங்க."

"செத்து ஒன்பது மாசமாச்சு. அந்த நாற்காலியிலதான்."

ஒன்பது மாசம். அந்தத் தாள் அச்சாகி மூன்று வாரம்கூட முழுதாக ஆகவில்லை.

"அன்னைக்கு அவருக்கு நெஞ்சு வலி" என்றார். "இதே மெட்டு, இதே நோட்டு. ஓய்வுன்னு எழுதிட்டு, நீ எடுத்துக்கப்பான்னு என் கையப் பிடிச்சுச் சொன்னார். தலையாட்டினேன். நேரம் வந்தப்ப... நான் ஊதல."

"ஏன்?"

"அவர் ஒருதடவை அசிங்கப்படட்டும்னுதான். வேற ஒண்ணும் நெனைக்கலம்மா. சத்தம் வரலன்னதும் அவரே எடுத்து ஊதினார். ரெண்டு எண்ணிக்கை. அதுக்கு மேல முடியல."

இரண்டு எண்ணிக்கை. எட்டில் இரண்டு போனால் ஆறு. நான் அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லப் பிடிக்கவில்லை. ஒரு மனுஷன் நம்பிக் கொடுத்த இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவர் என்று அருவருப்பாக இருந்தது. அப்படியே கிளம்பிவிட்டேன்.

இத்துடன் முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை. மதியம் 1.40. வேறொரு புது உருப்படி. மாஸ்டர் சூடான தாள்களை வைத்துவிட்டுப் போனார். அறையில் நான் மட்டும்தான். என் தாளைப் புரட்டினேன். சுத்தமாக இருந்தது. நிம்மதியாக மூச்சு விட்டேன்.

பிறகு பக்கத்து ஸ்டாண்டைப் பார்த்தேன்.

கொக்கின் தாள். முதல் நோட்டின் மேல் அந்தக் காது மாதிரிச் சுழி. ஓய்வு. அங்கிருந்து ஒரு பென்சில் கோடு... அடுத்த வரிக்கு... அடுத்த பக்கத்துக்கு... கடைசி நோட்டு வரைக்கும்.

ரப்பர் என் கையில்தான் இருந்தது.

பட்டாளத்தார் கணக்குத் தீர்க்கிறார், இவருக்கு நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். ஒருநாள் முழுக்க வாசிக்க முடியாமல் உட்கார்ந்து அசிங்கப்படட்டும். அவ்வளவுதான் நினைத்தேன். ரப்பரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

1.58க்கு மாஸ்டரின் போன் அடித்தது. கொக்கின் மனைவி. மதியம் சாப்பிட்டுவிட்டு, உறைக்குள் டிரம்பெட்டை வைத்து மூடும்வரை நன்றாகத்தான் இருந்தாராம். செருப்பு மாட்ட நாற்காலியில் உட்கார்ந்தவர் அப்புறம் எழுந்திருக்கவில்லை.

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன். எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

"ஒன்னே முக்கால்" என்றார் மாஸ்டர்.

நான் அந்தத் தாளை 1.40க்குப் பார்த்தேன்.