எண்ணெய் பூசிய ஞாயிற்றுக்கிழமை

எங்கள் அப்பாவின் சாவுக்குச் சொந்தக்காரர்கள் இரண்டு தடவை வந்தார்கள். முதல் தடவை வந்தபோது அப்பாவே வாசலில் நின்று கைகூப்பி வரவேற்றார். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும்.

அப்பா திண்டுக்கல்லில் குட்டியானை என்கிற சின்ன லாரி ஓட்டினார். சிறுமலையிலிருந்து வாழைத்தார் ஏற்றிக்கொண்டு கீழே மார்க்கெட்டுக்கு வருகிற வேலை. வண்டியைக் கிளப்பும் முன் சிலுவை போட்டுக்கொள்வார். மலைப்பாதையின் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் மாதாவை நோக்கி ஒரு ஜெபம். வளைவு திரும்புவதற்குள் ஜெபம் முடியாவிட்டால், வண்டியை ஓரங்கட்டி முடித்துவிட்டுத்தான் நகர்வார். பின்னால் வருகிற பஸ்காரர் ஹாரன் அடித்தே சலித்துப்போவார். வண்டியை மாதாதான் ஓட்டுகிறாள், இவர் சும்மா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று அம்மா கேலி செய்வாள். அப்பாவுக்கு அது கேலியாகவே படாது. ஆமாம் என்று தலையாட்டுவார்.

ஒரு மழைக்காலத்தில் அவருக்குக் கண்ணெல்லாம் மஞ்சளாகி, வேட்டி இடுப்பில் நிற்காமல் போயிற்று. காமாலை என்று நினைத்துக் கீழாநெல்லி அரைத்துக் குடித்துப் பார்த்தார். மதுரை டாக்டர் ஈரலில் புற்று என்றும், ஆபரேஷன் செய்யும் கட்டத்தைத் தாண்டிவிட்டது என்றும் சொல்லிவிட்டார். எங்கள் முன்னால் அழக்கூடாது என்று அம்மா பஸ்ஸிலேயே அழுது தீர்த்துவிட்டு வந்தாளாம். வீட்டு வாசலைப் பார்த்ததும் மறுபடி அழுகை வந்துவிட்டது. அப்பா எப்போதும்போல் சாயங்கால ஜெபத்துக்கு எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். முடிந்ததும், வருகிற ஞாயிற்றுக்கிழமை பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்து தனக்கு எண்ணெய் பூசுவார், சொந்தக்காரர்களை எல்லாம் கூப்பிட்டுக் கறிச்சோறு போட வேண்டும் என்றார்.

எனக்கு அந்த எண்ணெய் என்றாலே பயம். எதிர்வீட்டுத் தாத்தாவுக்குக் காலையில் சாமியார் வந்து எண்ணெய் பூசிவிட்டுப் போனார். மத்தியானம் தாத்தா போய்விட்டார். எங்கள் பெரியவர்கள் அதற்கு வைத்திருந்த பெயரே அவஸ்தைப் பூசுதல். உயிர் இழுத்துக்கொண்டு கிடக்கிறவருக்குத்தான் சாமியார் எண்ணெயோடு வருவார் என்பது அவர்கள் கணக்கு. அப்படியில்லை, நோயாளிக்குத் தெம்பு கொடுக்கத்தான் அது என்று கோயிலில் எத்தனை பிரசங்கம் வைத்தாலும் எங்கள் ஜனம் கேட்பதாயில்லை. நானோ ஒருபடி மேலே போய், எண்ணெய்தான் ஆளைக் கொல்கிறது என்றே முடிவு கட்டியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சாமியாரின் மோட்டார் சைக்கிள் பஞ்சராக வேண்டும் என்று மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன். அதுவும் போதாதென்று அப்பாவிடமே போய், எண்ணெய் வேண்டாம், சுகமாக்கும்படி சாமியிடம் கேளுங்கள் என்று அழுதேன்.

“கேட்டுட்டேன் பாப்பா. குடுத்தா வாங்கிக்குவோம்,” என்றார் அப்பா. “குடுக்கலைன்னா நான் முன்னாடி ஏறி, துண்டு போட்டு ஒங்களுக்கெல்லாம் எடம் பிடிச்சு வைக்கிறேன். நீங்க மெதுவா வாங்க.”

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் திருவிழாக் கூட்டத்தின்போது அப்பா அப்படித்தான் ஜன்னல் வழியாகத் துண்டைப் போடுவார். அதனால் அவர் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது. புரிந்ததால் இன்னும் கொஞ்சம் அழுதேன்.

சொந்தக்காரர்களைக் கூப்பிடுகிற வேலை அம்மாவிடம் வந்தது. எரியோட்டில் இருக்கும் தன் அண்ணனுக்கு, அதாவது எங்கள் பெரிய மாமாவுக்குப் போன் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை சாமியார் எண்ணெய் பூச வருகிறார், எல்லாரும் வந்துவிடுங்கள் என்பது வரைக்கும் சொன்னாள். கறிச்சோற்றைச் சொல்வதற்குள் அழுகை வந்து போனை வைத்துவிட்டாள். மாமாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பூசை முடிந்து வந்து, அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருந்த நேரம். வேன் ஒன்று தெருமுனை திரும்பும்போதே உள்ளேயிருந்து ஒப்பாரி கேட்டது. சவரம் செய்து வெள்ளைச்சட்டை போட்டுத் தலை சீவிக்கொண்டிருந்த அப்பா, கையில் சீப்போடு வாசலுக்குப் போனார். முதலில் இறங்கிய மாமாவின் மனைவி, எங்கள் பெரிய அத்தை, யாருக்காக அழுதாளோ அவரையே நேரில் பார்த்துவிட்டு, பாடிய ராகத்தைப் பாதியில் இருமலாக மாற்றிக்கொண்டாள். பின்னால் இறங்கிய மாமாவின் கையில் ஆளுயர ரோஜா மாலை. அதை முதுகுக்குப் பின்னால் ஒளிக்கப் பார்த்தார். இரண்டு பக்கமும் பிதுங்கியது.

“வாங்க மச்சான், வாங்க. வெஞ்சனம் இன்னும் ஆகல. உள்ள வந்து உக்காருங்க,” என்றார் அப்பா. மாலையை அவரே வாங்கி, சுவரிலிருந்த திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் போடச் சொன்னார். படம் மாலைக்குள் மறைந்தே போயிற்று.

சாமியார் குறித்த நேரத்துக்கு வந்தார். டயருக்கு ஒன்றும் ஆகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பாவின் நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் எண்ணெய் பூசி ஜெபித்தார். நான் அப்பாவின் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தேன், அது ஏறி இறங்குகிறதா என்று. ஏறி இறங்கியது. பிறகு எல்லாரும் பந்தியில் உட்கார்ந்தார்கள். அப்பா ரசம் ஊற்றி இரண்டு வாய் சாப்பிட்டார். பந்தி முடிந்தபிறகும் சிறுமலை மிளகைப் பற்றி மாமாவோடு பேசிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. எண்ணெயை ஜெயித்த முதல் ஆள் எங்கள் அப்பாதான் என்று தெருப் பிள்ளைகளிடம் பெருமையடித்துக்கொண்டு, வேனில் ஏறிக் குதித்து விளையாடினேன்.

அப்போதுதான் சீட்டுக்கு அடியில் ஒரு மஞ்சப்பை அகப்பட்டது. உள்ளே கஞ்சி மொடமொடப்பு மாறாத புதுச்சேலை. சின்னாளபட்டிச் சுங்குடி, மாதுளைச் சிவப்பில் வெள்ளைப்புள்ளி. தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடி, மாமா அம்மாவுக்குச் சேலை கொண்டுவந்திருக்கிறார் என்று எல்லார் நடுவிலும் விரித்துக் காட்டினேன்.

பெரிய அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். அது கோடி. கணவன் செத்த அன்று மனைவிக்கு அவள் பிறந்த வீட்டார் கொண்டுவந்து போர்த்துகிற துணி. எங்கள் முன்னோர் கும்பிடுகிற சாமியை மாற்றினார்களே தவிர, இந்த முறையை மாற்றவில்லை. இதெல்லாம் எனக்கு அன்று தெரியாது. சேலை நன்றாக இல்லையோ என்றுதான் நினைத்தேன். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மாமா தலையைத் தொங்கப்போட்டு, மன்னிச்சிரு மாப்ள என்று முணுமுணுத்தார்.

அப்பா என் கையிலிருந்து சேலையை வாங்கி மடியில் வைத்து மெதுவாக மடித்தார். அம்மாவைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“நான் பாக்காத சேல ஒனக்கு எதுக்கு? போயி கட்டிட்டு வா.”

அம்மா அசையவில்லை. பெரிய அத்தைதான் அவளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். வெகுநேரம் கழித்து வந்து நின்றபோது அம்மாவின் கண்கள் வீங்கியிருந்தன. சேலை அவளுக்கு அத்தனை பொருத்தம். அப்பா ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எடுப்பாயிருக்கு என்றார். எல்லார் முன்னாலும் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அம்மா வெட்கப்பட்டாள், அந்த அழுகைக்கு நடுவிலும்.

பிறகு அப்பா மாமாவின் தோளில் கைபோட்டு, “ஒங்க மொறை முடிஞ்சிருச்சு மச்சான். அடுத்த தடவ வர்றப்ப கைய வீசிட்டு வாங்க,” என்றார். அவ்வளவு பெரிய ஆள், மாமா, குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அப்பாதான் வாசலில் ஸ்டார் கட்டினார். இன்னொருவர் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து சிறுமலைக்குப் போய்வந்தார். வளைவுக்கு வளைவு நிறுத்தச் சொல்லி அந்த டிரைவரைப் பாடாய்ப் படுத்தினாராம். ஈஸ்டரையும் பார்த்துவிட்டு, அதற்குப் பிந்திய வாரத்தில், எங்கள் ஜெபத்துக்கு நடுவில், பயப்படாமல் போனார். என் வாழ்க்கையில் நான் கண்ணெதிரே பார்த்த முதல் சாவு அதுதான். சாவென்றால் எனக்கு இன்றுவரை பெரிய பயம் வராததற்கு அவரே காரணம்.

அம்மா அந்தச் சுங்குடியைக் கட்டிக்கொண்டு அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். எரியோட்டு வேன் மறுபடி வந்தது. மாமா வெறுங்கையோடு இறங்கினார். கோடி எங்கே என்று வந்திருந்த பெண்கள் கேட்க, போட்டாச்சு என்று சொல்லிவிட்டு மூலையில் போய் நின்றார். சொந்தத் தங்கைக்கு இந்த நேரத்தில் ஒரு சேலை எடுக்கக்கூட மனசு வரவில்லையே என்று எனக்கு அவர்மேல் அப்படியொரு கோபம்.

அம்மா வெள்ளைச்சேலைக்கு மாறவேயில்லை. திருவிழா என்றால் அந்தச் சிவப்புச் சுங்குடிதான். கோயில் வாசலில் யாராவது புதுசா என்று கேட்டால், “எங்க வீட்டுக்காரரு குடுத்தது” என்பாள். பக்கத்தில் நிற்கிற நான், இல்லம்மா, மாமா எடுத்தது, வேன்லருந்து நான்தானே எடுத்துட்டு வந்தேன் என்று ஒவ்வொரு தடவையும் விடாமல் திருத்துவேன்.