சின்னையா வகையறா

“காவலில் வைக்கப்படும் ஒவ்வொரு நபரின் பெயர், தகப்பன் அல்லது புருஷன் பெயர், ஊர், உடம்பிலுள்ள காயங்கள், உள்ளே வைத்த நேரம், வெளியே விட்ட நேரம் ஆகியவற்றை அன்றைய தினமே பதிவேட்டில் எழுத வேண்டும். நபர் பெண்ணாயிருந்தால் உடனிருக்க ஒரு பெண் துணையை அமர்த்த வேண்டும்.”

இது சமஸ்தான விதி. அதன் எண்ணும் பிரிவும் எனக்கு இன்றும் மனப்பாடம். உங்களுக்கு அவை எதற்கு?

ஒன்பது பெண்களின் பெயரை நான் எழுதவில்லை. அவர்களில் ஒருத்தி செத்துப்போனாள். அவள் பெயர் தெரிந்திருந்தும் தெரியாது என்று எழுதிக் கொடுத்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை... அப்படிச் செய்யச் சொல்லிக் கேட்கக்கூட இல்லை!

அப்போது நான் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் ஒரு தாலுகா கச்சேரியின் குமாஸ்தா. மெட்ரிகுலேஷனில் முதல் வகுப்பு. விதிப் புத்தகத்தைத் தலைகீழாகச் சொல்வான் என்று மேலதிகாரிகள் என்னைக் காட்டிப் பெருமைப்படுவார்கள். விதி தெரியாதவன் செய்தால் அதைத் தவறு என்று சொல்லலாம். நான் செய்ததற்கு என்ன பெயர்?

குன்றாண்டார்கோவிலுக்கு மேற்கே ஒரு சிற்றூர். அதிகாரி அங்கே காம்ப் போட்டால் ஊர்ப் பெண்கள் கூலியில்லாமல் நெல் குத்த வேண்டும், தண்ணீர் சுமக்க வேண்டும், கூடாரத்தைச் சுற்றிச் சாணம் தெளிக்க வேண்டும். வெட்டி வேலை என்பார்கள். அறுப்புக் காலமா, பிள்ளை பெற்ற உடம்பா என்று எந்த அதிகாரியும் கேட்டதில்லை. நாங்களும் கேட்டதில்லை. குத்திய அரிசியில் குமாஸ்தாக்களுக்கும் சோறு உண்டு அல்லவா!

முப்பதுகளின் நடுவில் ஒரு பங்குனிக் கடைசி. கருப்பாயி என்பவள் வீடு வீடாகப் போய் ஊரிலிருந்த உலக்கைகளையெல்லாம் வாங்கினாள். அதிகாரியின் மோட்டார் வரும் பாதையின் குறுக்கே அவற்றை வரிசையாகப் போட்டாள். அதன்மேல் ஒன்பது பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். ஆண்கள்? பனங்காட்டுக்குள் பத்திரமாக இருந்தார்கள்.

நான் மோட்டாருக்குப் பின்னால் மாட்டுவண்டியில் வந்தவன். எல்லாவற்றையும் பார்த்தேன்.

“எந்திரிங்கடி!” என்றான் சேவகன்.

“ஒங்க ஐயாவுக்குக் கை இருக்குல்ல? உலக்கை இங்கிட்டுத்தான் கெடக்கு. எறங்கி வந்து குத்தச் சொல்லு” என்றாள் கருப்பாயி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதிகாரி திரும்பிப் பார்த்ததும் அதை இருமலாக மாற்றினேன். என் வாழ்நாளின் கலகம் அந்த இருமலோடு முடிந்தது.

உலக்கைகளைப் பிடுங்கினார்கள். அந்த இழுபறியில் ஓர் உலக்கையின் பூண் வள்ளிக்கண்ணு என்பவளின் அடிவயிற்றில் இடித்தது. தற்செயல் என்றுதான் அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தற்செயல் இரண்டு முறை அடுத்தடுத்து நடக்குமா?

கச்சேரியில் பெண்களை வைக்க இடமில்லை. பழைய காகிதக் கட்டுகள் கிடந்த அறையில் அடைத்தார்கள். நான் பதிவேட்டை விரித்தேன். மறுநாள் சித்திரை வருடப்பிறப்பு. விடுமுறை. ஒன்பது பெயர்களை எழுதினால் ஒன்பது காயப் பட்டியல், பெண் துணை, டாக்டர் சான்று, தர்பாருக்கு ஒரு விளக்கம்... விடுமுறை போய்விடும்!

இதற்காகவா என்கிறீர்கள்? ஆம். இதற்காகத்தான். கொஞ்சம் கௌரவமான காரணம் ஏதாவது இருக்குமா என்று இத்தனை வருடமாகத் தேடிவிட்டேன். கிடைக்கவில்லை.

அவர்கள் பயந்து பெயரை ஒளிப்பார்கள் என்று நினைத்தேன். முண்டியடித்துக்கொண்டு சொன்னார்கள்!

“கருப்பாயின்னு எழுதிக்கங்கய்யா. மொதப் பேரு எம் பேரு. ஒலக்கையச் சேத்தது நாந்தான்.”

“வள்ளிக்கண்ணுங்க. வள்ளின்னு மட்டும் எழுதிராதீங்க, முழுசா எழுதுங்க.”

“அடியே, சர்க்காரு புத்தகத்துல நம்ம பேரு ஏறுதுடி!” என்று ஒருத்தி சிரித்தாள். அதுவரை எந்தக் காகிதத்திலும் ஏறாத பெயர்கள் அவை.

நான் பேனாவை மையில் தொடாமல் ஒரு வெள்ளைத் தாளின்மேல் ஒன்பது முறை ஓட்டினேன். ஒருத்திக்கும் எழுத்துத் தெரியாது. கருப்பாயி மட்டும் எட்டிப் பார்த்தாள்.

“என்னங்கய்யா, ஒண்ணுமே தெரியலயே?”

“காஞ்சாத் தெரியும்” என்றேன்.

தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

ஆனால் அறையைத் திறந்ததற்கும் காவல் போட்டதற்கும் கணக்குக் காட்ட ஒரு பெயராவது வேண்டுமே? அந்த நேரம் பார்த்துக் கருப்பாயியின் புருஷன் சின்னையா, பெண்டாட்டிக்குக் கஞ்சிக் கலயத்தோடு வந்தான். பனங்காட்டிலிருந்து நேராக வந்த மனிதன். காலெல்லாம் கருக்குக் கிழித்த கீறல். அவனைப் பிடித்து உட்காரவைத்து, மை தொட்டு, அழகான கையெழுத்தில் எழுதினேன்: “சின்னையா வகையறா. கலகம்.”

வகையறா என்பது கச்சேரி வழக்கம். ஓர் ஆணின் பெயருக்குப் பின்னால் ஓர் ஊரையே அதில் அடைத்துவிடலாம். எந்த மேலதிகாரியும் கேள்வி கேட்க மாட்டார்.

வீட்டுக்குப் போனேன். வருடப்பிறப்பன்று வேப்பம்பூ போட்ட மாங்காய்ப் பச்சடி. நன்றாக இருந்தது என்று என் மனைவியிடம் சொன்னதும் நினைவிருக்கிறது.

விடுமுறை முடிந்து வந்தபோது வள்ளிக்கண்ணுவுக்கு உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. சேலையில் உதிரம். வீட்டில் தாய்ப்பால் குடிக்கும் பெண் குழந்தை. இரண்டு நாளாகப் பால் கட்டி, மார்பு கல்லாகியிருந்தது. கருப்பாயி கதவிடுக்கில் வாயை வைத்துக் கூப்பிட்டாள்.

“ஐயா, கும்புடுறேங்க. எங்களப் பத்து நாளு வேணும்னாலும் வச்சுக்கங்க. இவள மட்டும் விட்டுருங்க. பச்சப்புள்ள அங்கிட்டுக் கத்திக்கிட்டுக் கெடக்கும்.”

“உத்தரவு வரணும்” என்றேன்.

எங்கிருந்து வரும் உத்தரவு? அவள் உள்ளே இருப்பதாக எந்தக் காகிதமும் சொல்லவில்லையே! பதிவேட்டில் இல்லாதவளை விடச் சொல்லி யார் உத்தரவு போடுவார்? இது அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

நடுப்பகலில் அவளுக்கு நினைவு தப்பியது. அறையிலேயே செத்தால் என் பாடு வம்பு. வண்டி பிடித்துப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். கூடப்போன சேவகன் கையில் ஒரு சீட்டு. “பெயர் தெரியாத பெண். சாலையோரம் கிடந்தவள்.” கையெழுத்து என்னுடையது. முழுசா எழுதுங்க என்று கேட்டவளுக்கு நான் எழுதியது அவ்வளவுதான்.

மற்றவர்களை மறுநாள் விட்டார்கள்.

நாலு நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. நீங்கள் அனுப்பிய பெண் இறந்துவிட்டாள், வயது இருபதுக்குள், இடது முன்கையில் தேள் பச்சை குத்தியிருக்கிறது, பால் கொடுக்கும் தாய், அடையாளம் தெரிந்தால் தெரிவிக்கவும்... இன்னும் ஒரு நாள் பார்த்துவிட்டு அநாதைப் பிணமாகப் புதைத்துவிடுவார்களாம்.

அன்றாவது எழுதியிருக்கலாம். ஒரே ஒரு பெயர்! எழுதினால், சாலையோரம் என்று ஏன் பொய் சொன்னாய் என்பார்கள். “இவ்வாபீசுக்கு எவ்விதத் தகவலும் இல்லை” என்று அன்றைய தபாலிலேயே பதில் போட்டேன். தபாலைத் தாமதப்படுத்தினேன் என்று என்மேல் ஒருநாளும் புகார் வந்ததில்லை.

வள்ளிக்கண்ணுவின் புருஷன் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டிருக்கிறான். அப்படி ஒரு பெயரே வரவில்லை என்றார்கள். கச்சேரிக்கு வந்தான். இங்கே பெண்கள் யாரும் வைக்கப்படவில்லை என்று பதிவேட்டைத் திறந்தே காட்டினேன். கூட இருந்த எட்டுப் பேர் தலையில் அடித்துக்கொண்டு சொன்னதை ஊர் நம்பவில்லை. “ஒருத்திய மறைக்க எட்டுப் பேரு பேசுறாளுக” என்றார்களாம். வள்ளிக்கண்ணு ஓடிப்போனவள் என்று முடிவாயிற்று. புருஷன் ஆடி கழிந்ததும் வேறு கட்டிக்கொண்டான். குழந்தையைக் கருப்பாயி தூக்கிக்கொண்டு போனாள்.

சுதந்திரம் வந்தது. சமஸ்தானம் போயிற்று. நான் ஓய்வு பெறும் தறுவாயில் இருந்தேன். அந்த ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் தியாகிகளுக்குப் பாராட்டு. பழைய பதிவேட்டிலிருந்து பெயர்களைப் படிக்க அழைக்கப்பட்டவன் யார் என்கிறீர்கள்? நான்தான்!

“சின்னையா வகையறா” என்று படித்தேன்.

கூட்டத்தின் பின்னால், பெண்கள் நின்ற இடத்திலிருந்து ஒரு குரல்: “அந்த வகையறா நாந்தான்யா!”

எல்லோரும் சிரித்தார்கள். சின்னையாவுக்கு மாலை போட்டார்கள். அவன் நெளிந்தான். “நான் கஞ்சி கொண்டாந்து குடுத்தவங்க. வேற ஒண்ணும் செய்யலைங்க” என்றான்.

“என்ன அடக்கம்! இதுவல்லவா தியாகம்!” என்றார் தலைவர். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. நானும் தட்டினேன்.

அடுத்த வாரம் கருப்பாயி என் வீட்டு வாசலில் நின்றாள். மாலையைக் கேட்டு வந்தாள் என்று நினைத்துப் பதிலைத் தயார் செய்துகொண்டிருந்தேன்.

“எனக்கு ஒண்ணும் வேணாங்க. வள்ளிக்கண்ணு மக வளந்துருச்சு. ஓடிப்போனவ மகன்னு ஒருத்தனும் கட்ட மாட்டேங்குறான். அவ ஆத்தா ஓடல, கச்சேரியில கெடந்து ஆஸ்பத்திரிக்குப் போனவன்னு ஒரு காயிதம் வேணும். நீங்க எழுதுனீங்களேய்யா... நான் பாத்தேனே.”

அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு, “தேடிப் பார்க்கிறேன்” என்றேன்.

தேடுவதற்கு என்ன இருந்தது? உண்மையைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். என் பென்ஷன் காகிதங்கள் அப்போது மேலாபீஸில் இருந்தன. அவை முடியட்டும் என்று காத்திருந்தேன். அதற்குள் அவள் ஐந்து முறை நடந்து வந்தாள். ஒவ்வொரு முறையும், “கட்டு கெடைச்சுதாங்க?” ஒவ்வொரு முறையும் மோர் கொடுக்கச் சொன்னேன். நல்ல மனுஷர் என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனாளாம்!

பென்ஷன் உத்தரவு கைக்கு வந்த மறுநாள் விண்ணப்பம் எழுதினேன். ஒன்பது பெயர்களையும், முழுசாக. ஒன்றுகூட மறந்திருக்கவில்லை. ஆனால் அதிலும் என்ன எழுதினேன் தெரியுமா? “கைத்தவறுதலாக விடுபட்டுவிட்டன.” கைத்தவறுதலாம்!

தை முடிவில் அனுப்பியது. மாசி போயிற்று, பங்குனி போயிற்று... வைகாசியில் கருப்பாயி வந்தாள். உட்காரவில்லை.

“இனிமே தேட வேணாங்க. குடுத்துட்டோம். ரெண்டு பொண்டாட்டியப் பறிகுடுத்த ஆளு. புள்ளைய விட முப்பது வயசு மூத்தவன். ஓடிப்போனவ மகளுக்கு இது போதும்னு பேசி முடிச்சுட்டாங்க.” படியிறங்கப் போனவள் திரும்பினாள். “மணவறையில வச்சே அவன் சொல்றான்யா... ஒங்க ஆத்தா மாதிரி கெளம்பிறாதன்னு. எல்லாரும் சிரிச்சாக.”

அன்றைக்காவது வாய் திறந்தேனா? மோர் கொடுக்கச் சொன்னேன். வேண்டாமென்று போய்விட்டாள்.

பிறகு மேலாபீஸின் பதில் வந்தது. ஒரே பத்தி. தவறே இல்லாத, நானே எழுதியிருக்கக்கூடிய நடை. மேற்படி பதிவேட்டின் அந்த மாதக் கடைசியில், “சரிபார்த்தேன், விடுபட்டது ஏதுமில்லை” என்று மனுதாரரே கையொப்பமிட்டிருக்கிறார். பொறுப்புள்ள ஓர் ஊழியரின் அன்றைய கையொப்பத்தை அவரே இன்று மறுப்பதை ஏற்பதற்கில்லை. ஆகவே அந்தக் கச்சேரியில் பெண்கள் எவரும் வைக்கப்படவில்லை என்றே கொள்ளப்படுகிறது.

பதிலின் தேதி ஆவணி எட்டு, புதன்கிழமை.