நாற்பதாயிரம் புகாரும் ஒரு காலி பெஞ்சும்

அலுவலகத்தில் எல்லாருக்கும் அவர் டோக்கன் அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. அதையும் முதலாளி இரண்டு தடவை தப்பாக எழுதியிருக்கிறார். இந்த மென்பொருள் கம்பெனிக்கு வருவதற்கு முன்னால், பதினோரு வருஷம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் வெளிநோயாளிகள் கவுண்டரில் உட்கார்ந்து டோக்கன் கிழித்துக் கொடுத்தவர் அக்கா. காலை ஏழரைக்குக் கதவு திறந்தால் முந்நூறு பேர் ஒரேயடியாக உள்ளே பாய்வார்கள். டாக்டர்கள் நாலே பேர். அந்த முந்நூறு பேரையும் அடிதடி இல்லாமல் உட்கார வைத்தது அக்கா கையிலிருந்த டோக்கன் கட்டுதான். இதற்கு நடுவில் சாயங்கால வகுப்பில் சேர்ந்து கம்ப்யூட்டர் படித்து, முப்பத்தேழு வயதில் முதல் தடவையிலேயே பாஸ் பண்ணினார். இதையெல்லாம் அடக்கத்தால் வெளியே சொல்ல மாட்டார் என்று நினைக்க வேண்டாம். கேட்காதவர்களிடமும் சொல்வார்.

கம்பெனி மின்சார அலுவலகத்துக்காகப் புகார் ஆப் ஒன்றை நடத்தியது. வீட்டில் கரண்ட் போனால் போனை எடுத்து, என்ன கோளாறு, எந்த இடம் என்று இரண்டு இடத்தில் தொட்டால் போதும். புகார் எங்கோ தூரத்தில் வாடகைக்கு எடுத்த டேட்டாபேஸில் பதிவாகி, அங்கிருந்து லைன்மேன்களின் போனுக்குப் போகும். அந்த டேட்டாபேஸைக் கட்டி மேய்க்கிற வேலை அக்காவுடையது.

சாதாரண நாளில் நிமிஷத்துக்கு இரண்டு புகார் வந்தால் அதிகம். காற்று கொஞ்சம் பலமாக அடித்து ஒரு துணை மின்நிலையம் படுத்துவிட்டால், ஐந்தே நிமிஷத்தில் முப்பதாயிரம். எந்த நாள், எந்த நேரம் என்று வானத்துக்கே தெரியாது. அதற்குப் பயந்து, முப்பதாயிரத்தையும் தாங்குகிற பெரிய டேட்டாபேஸையே மாதம் முழுக்க வாடகைக்கு வைத்திருந்தார்கள். பில்லைப் பார்த்தாலே முதலாளிக்கு முகம் கடுகடுவென்று ஆகிவிடும்.

"ஏம்மா, மழையே இல்லாத நாளுக்கும் நான் குடைக்கு வாடகை கட்டணுமா?"

கூட்டம் வந்தால் தானாகப் பெரிதாகி, போனால் தானாகச் சின்னதாகிற ஏற்பாட்டுக்கு மாற்றிப் பார்த்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கூட்டம் வந்ததைப் புரிந்துகொண்டு பெரிதாகவே அது நாலு நிமிஷம் எடுத்துக்கொண்டது. அதற்குள் வந்த புகாரெல்லாம் வாசலில் முட்டித் திரும்பின. திரும்பினவர்கள் சும்மா இருப்பார்களா? மறுபடி மறுபடி தட்டினார்கள். கூட்டம் இரண்டு மடங்கானது. டேட்டாபேஸ் ஒரு வழியாகப் பெரிதானபோது எல்லாரும் அலுத்துப்போய் போனைக் கீழே வைத்திருந்தார்கள். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் அது வேலையில்லாமல் வாடகை ஏற்றியது. அந்த மழையில் இரண்டாயிரத்து முந்நூறு புகார்கள் போன இடம் தெரியவில்லை. இன்னொரு தடவை இப்படி நடந்தால் ஒப்பந்தம் ரத்து என்று மின்சார அலுவலகம் கடிதம் போட்டுவிட்டது.

அந்தக் கடிதத்தை நடுவில் வைத்துக்கொண்டு எல்லாரும் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோதுதான் அக்கா சொன்னார்.

"டேட்டாபேஸைப் பெருசாக்க வேண்டாம் சார். சின்னதாக்குவோம். வாசல்ல டோக்கன் குடுப்போம்."

விஷயம் இவ்வளவுதான். வருகிற புகார் நேராக டேட்டாபேஸுக்குப் போகக் கூடாது. முன்னால் ஒரு வரிசை. வந்த வரிசைப்படி குறித்துக்கொள்வதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. அதனால் அதற்கு வாடகையும் சொற்பம். வரிசையில் சேர்ந்த உடனே போனில் 'புகார் ஏற்கப்பட்டது' என்று வந்துவிடும், ஆள் அமைதியாகிவிடுவார். உள்ளே இருக்கும் ஒரு சின்ன புரோகிராம் ஐந்நூறு ஐந்நூறாக எடுத்து, நிதானமாக டேட்டாபேஸில் எழுதும். ஒவ்வொரு புகாருக்கும் போனே ஒரு எண் போட்டு அனுப்பும். பதற்றத்தில் பத்து தடவை தட்டினாலும் எண் அதேதான், பதிவு ஒன்றுதான்.

"எழுதுறது அஞ்சு பத்து நிமிஷம் லேட்டாகுமே?" என்றார் முதலாளி.

"எங்க வீட்டுக்காரர் லைன்மேன் சார். மழை வந்தா அவருக்கு ரெயின்கோட் தேடவே பத்து நிமிஷம் ஆகும்."

எல்லாரும் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. "ஒரு புகார் தொலைஞ்சாலும் நாம காலி. தெரியுமில்ல?"

"ஒண்ணே ஒண்ணு தொலைஞ்சாலும் நான் ஆஸ்பத்திரி கவுண்டருக்கே திரும்பிப் போயிடறேன். என் நாற்காலி இன்னும் அங்கதான் கிடக்கு."

அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் அடுத்த மாத பில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. முதலாளி அதை இரண்டு தடவை கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

புயல் வந்தது ஒரு புதன்கிழமை மத்தியானம், சாப்பாட்டு டப்பாக்களை மூடுகிற நேரத்தில். இரண்டு துணை மின்நிலையங்கள் அடுத்தடுத்துப் படுத்தன. அக்காவின் திரையில் வரிசையின் நீளம் எட்டாயிரம் என்றது. கை கழுவிவிட்டு வருவதற்குள் இருபதாயிரம். அப்புறம் நாற்பத்தோராயிரம். முதலாளி நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று கையைப் பிசைந்தார்.

"அம்மா, பெருசாக்கிடுங்க. பில் போனாப் போகட்டும்."

"தொடாதீங்க சார்."

"நாப்பதாயிரம்மா!"

"நாப்பதாயிரம் பேரும் கையில டோக்கனோட உக்காந்திருக்காங்க. ஒருத்தர்கூட வெளியில நிக்கல, பாருங்க."

உண்மைதான். திருப்பி அனுப்பப்பட்டவை என்ற கட்டத்தில் பூஜ்யம் அசையாமல் இருந்தது. சின்ன டேட்டாபேஸ் அலட்டிக்கொள்ளாமல் ஐந்நூறு ஐந்நூறாக விழுங்கிக்கொண்டிருந்தது. அக்கா டீயை எடுத்து ஒரு வாய் உறிஞ்சினார். அந்த டீ முதலாளி பார்க்கட்டும் என்று குடித்ததுதான், ஆனாலும் ருசித்தது.

அப்போது போன் அடித்தது. கணவர்.

"இந்தா, என் போன்ல வர்றதெல்லாம் 'கரண்ட் இல்லை, கரண்ட் இல்லை'தான். பால் பூத் பக்கத்துல கம்பி அறுந்து தெருவுல கிடக்குன்னு ஒரு வேன் டிரைவர் நேர்லயே வந்து சொல்றாரு. பத்து நிமிஷம் முன்னாடியே ஆப்ல போட்டாராம். அந்த லைன்ல இன்னும் கரண்ட் இருக்கு. எனக்கு வரவே இல்லையே, தொலைஞ்சு போச்சா?"

"தொலையல," என்றார் அக்கா. குரல் அவருடைய குரல் மாதிரியே இல்லை. "வரிசையில நிக்குது."

"சரி, நான் பால் பூத்துக்கு நடந்தே போறேன், வண்டி போகாது. வேற எங்கெல்லாம் அறுந்திருக்குன்னு கொஞ்சம் பாரு." போனை வைத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் அக்காவின் கவுண்டருக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு உண்டு. மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறவருக்கு டோக்கன் கிடையாது. அந்தப் பெஞ்சில் படுக்கவைத்து நேராக டாக்டரிடம். சும்மா கால் வலிக்கிறதென்று அதில் உட்கார்ந்தவர்களைப் பதினோரு வருஷம் விரட்டியவர் அக்கா. அப்படிப்பட்டவர், தானே ஒரு வரிசை கட்டும்போது அந்தப் பெஞ்சை மறந்துபோனார். மின்விசிறி சுற்றவில்லை என்கிறவரும், தண்ணீர் தேங்கிய தெருவில் உயிருள்ள கம்பி கிடக்கிறது என்கிறவரும் அவருடைய வரிசையில் ஒன்று.

இனி டேட்டாபேஸைப் பெரிதாக்கினால் அது வளர்ந்து முடிக்கவே நாலு நிமிஷம். அக்கா யோசித்தார். எழுதுவதில்தானே இவ்வளவு நேரமும் செலவும்? படிப்பதற்கு என்ன செலவு? ஓடிக்கொண்டிருந்த புரோகிராமை அப்படியே நகல் எடுத்தார். வரிசையில் மிச்சமிருப்பது எல்லாவற்றையும் படி, கம்பி, தீ, ஷாக் என்று குறித்திருப்பதை மட்டும் எழுது, மற்றதைத் தாண்டிப் போ என்று இரண்டு வரி மாற்றினார். பிற்பாடு பழைய புரோகிராம் அதே புகாருக்கு வந்து சேர்ந்தாலும், எண் ஒன்று என்பதால் இரண்டு தடவை பதிவாகாது. அவசரத்தில் ஒரு வரியை மூன்று தடவை அடிக்க வேண்டியிருந்தது.

ஒரு நிமிஷத்தில் வரிசை முழுவதையும் படித்து முடித்தது. பதினோரு இடத்தில் கம்பி அறுந்திருந்தது. பதினொன்றும் லைன்மேன்களின் போனுக்குப் போயின. மின்நிலையத்திலிருந்து ஒவ்வொரு லைனாக நிறுத்தினார்கள்.

மூன்றே முக்காலுக்கு வரிசை காலி. வந்தது ஐம்பத்தெட்டாயிரத்து இருநூற்றுப் பதினாறு, எழுதியதும் அதே. முதலாளி மேஜையைத் தட்டினார். "ஒண்ணுகூட தொலையலம்மா! உங்க நாற்காலி இங்கதான்!"

"தொலையல சார். ஆனா பதினோரு கம்பி பத்து நிமிஷம் வரிசையில நின்னுச்சு. அது என் தப்பு."

சாயங்காலம் கணவர் நனைந்த பூட்ஸைக் கழற்றிக்கொண்டே, காய்கறி விலையைச் சொல்வது போலச் சொன்னார். "பால் பூத்துக்குக் குறுக்கு சந்துல இறங்கப் போனேன், முழங்கால் தண்ணி. அந்த நேரம் பார்த்து போன் அடிச்சுது. நீ அனுப்பினதுல மூணாவது, அதே சந்து. தண்ணிக்குள்ளதான் கிடந்திருக்கு கம்பி. சுத்திப் போனேன்."

அக்கா அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். கணவர் வந்து குழாயை மூடினார்.

மறுநாள் காலை முதலாளி வருவதற்கு முன்பே அவர் மேஜையில் ஒரு தாள் இருந்தது. ஆபத்தான புகார்களுக்கென்று தனி வரிசை, அதற்கென்று டேட்டாபேஸில் எப்போதும் ஒதுக்கிவைத்த ஒரு சின்ன இடம். முதலாளி படித்தார்.

"இந்த இடம் மாசம் பூரா என்ன செய்யும்மா?"

"ஒண்ணும் செய்யாது சார். காலியா இருக்கும்."

"மழையே இல்லாத நாளுக்கும் வாடகை கட்டணும்."

"ஆமா சார். மழையே இல்லாத நாளுக்கும்."

அக்கா இதைச் சொன்னபோது எப்போதும் போல ஜோக் எதுவும் சேர்க்கவில்லை. முதலாளி அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் தொகை எவ்வளவு என்றுகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.